காய்ச்சலும் பாய்ச்சலும்

வாசகர், நாகப்பட்டினம்: ஈரம் இருப்பதால்தான் மணல் வீடு நிற்கிறது. அலை வந்து இன்னும் நனைத்தால் ஏன் விழுகிறது?

மணலுக்குள் தண்ணீரோடு காற்றும் இருக்கும்வரைதான் அந்த வித்தை. மணிகளின் இடுக்கில் தங்கிய கொஞ்சநஞ்சத் தண்ணீர் அவற்றைப் பக்கத்தில் இழுத்து வைத்திருக்கும். அலை வந்து காற்றை முழுக்கத் துரத்திவிட்டால் அந்த இழுவிசையும் காலி, வீடும் காலி.

வாசகி, குன்னூர்: நிலத்தடி நீர் எங்கோ ஆழத்தில் கிடக்க, வெயிலில் அசையாத மலைச்சரிவு மழையில் மட்டும் இறங்குவதேன்?

கீழேயிருந்து நீர்மட்டம் ஏறித்தான் ஆகவேண்டும் என்றில்லை. மேலேயிருந்து ஈரம் இறங்கினாலே போதும். நாகை மணலைப் பிடித்திருந்த அதே இழுவிசைதான் உங்கள் சரிவையும் பிடித்திருக்கிறது. நாள் கணக்கில் பெய்யும் மழை அதைக் கரைத்துவிடும். ஹாங்காங் இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1972 ஜூன் 18 அன்று சாவ் மாவ் பிங், போ ஷான் சாலை என இரண்டு சரிவுகளில் 138 பேர் இறந்தார்கள். 1976-ல் சாவ் மாவ் பிங்கில் மறுபடியும் மண் சரிந்தது. அதன் பிறகே, 1977-ல், சரிவுகளைக் கவனிக்க அரசு தனி அலுவலகம் திறந்தது.

வாசகர், திருச்சி: தண்ணீர் மண்ணில் இறங்குவதைக் கணக்கிட ஒரு சூத்திரம் போதாதா? கம்ப்யூட்டர் எதற்கு?

நீர் நிரம்பிய மணலுக்கு 1856-ல் டார்சி தந்த விதி போதும். அரை ஈரமான மண்தான் அடம்பிடிக்கும். காயக் காய அது தண்ணீருக்கு வழிவிடுவதும் ஆயிரக்கணக்கான மடங்கு குறையும். ஈரம் தெரிந்தால்தான் ஓட்டம் தெரியும், ஓட்டம் தெரிந்தால்தான் ஈரம் தெரியும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் கதைதான்! 1931-ல் ரிச்சர்ட்ஸ் எழுதிய சமன்பாட்டில் இந்தச் சிக்கல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எனவே கம்ப்யூட்டர் ஒரு விடையை ஊகித்து, சரிபார்த்து, திருத்தி, மறுபடி ஊகிக்கிறது. நடுவில் மண்ணும் வீங்கி அமுங்கி இடுக்குகளின் அளவையே மாற்றிவிட்டால் அந்தக் கணக்கையும் கூடவே போடவேண்டும்.

ஆராய்ச்சி மாணவர், சென்னை: என் ப்ரோகிராமில் பெய்த மழையைவிட மண்ணில் சேர்ந்த தண்ணீர் குறைவாக இருக்கிறதே?

ஆவியாகவில்லை ஐயா, கணக்கில் ஒழுகியிருக்கிறது. அழுத்தத்தை மட்டும் வைத்துச் சமன்பாட்டை எழுதினால் இப்படி ஆகும். ஈரப்பதமும் அழுத்தமும் சேர்ந்த வடிவத்தில் எழுதுங்கள். செலியாவும் சகாக்களும் 1990-லேயே இதைக் காட்டிவிட்டார்கள். கூடவே, கணக்குக்காக மண்ணைப் பிரிக்கும் கட்டங்களை மேல்மண்ணில் பொடியாக வெட்டுங்கள்.

வாசகர், கோவில்பட்டி: நனைந்தால் மண் வீங்கும் என்கிறார் மேஸ்திரி. அமுங்கும் என்கிறார் இன்ஜினியர். யாரை நம்ப?

இருவரையும். கரிசல் வீங்கும்; சரியாகக் கெட்டிக்காமல் கொட்டிய மண் பாரத்தோடு நனைந்தால் அமுங்கும். நனைந்து அமுங்குவதையும் ஓரளவு வீங்குவதையும் ஒரே கணித மாதிரிக்குள் அடக்கியவர்கள் பார்சிலோனாவின் அலோன்சோ, ஜென்ஸ், ஹோசா (1990). உங்கள் கரிசல் வீட்டில் நடுத்தரை ஈரம் காக்கும், ஓரம் கோடையில் காயும். விரிசல் விழுவது சுவருக்கு.

வாசகி, ஊட்டி: சாஃப்ட்வேர் படத்தைக் காட்டி, சரிவு விழாது என்கிறார் கன்சல்டன்ட். நம்பலாமா?

ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஈரத்துக்கு ஏற்ப இழுவிசை எவ்வளவு என்று காட்டும் கோடுகளில், கணக்கில் போட்டது மண் உலரும் கோடா, நனையும் கோடா? இரண்டும் வேறு. ஆய்வகத்தில் பெரும்பாலும் உலர்த்தித்தான் அளப்பார்கள். மழையிலோ மலை நனைகிறது. பதில் சொல்லாமல் டீ சொல்ல எழுந்து போனார் என்றால், சரிவுக்குக் கீழே வீடு பார்க்காதீர்கள்.