முதல் நாளே முடிவு தெரியும்

(தனியார் கல்லூரி ஒன்றில் தாளாளர் அறை. மேசைமேல் சேர்க்கை விண்ணப்பங்கள், அவற்றின்மேல் பளபளப்பான ஒரு விளம்பரப் புத்தகம். எதிரே உளவியல் பேராசிரியர்.)

தாளாளர்: உட்காருங்க சார். மனத்திறன் தேர்வு ஒண்ணு வாங்கப் போறேன். சேர்க்கை அன்னிக்கே அரைமணி நேரம்தான். யாருக்குத் தங்கப் பதக்கம், யாருக்கு எத்தனை அரியர், எல்லாம் கலர்ல அச்சாகி வந்துடும்.

பேராசிரியர்: இந்த ஆசை அமெரிக்காவுல கேட்டல்னு ஒருத்தருக்கும் இருந்துது ஐயா. கொலம்பியா பல்கலைக்கழகத்துல புதுசா சேர்ந்த பசங்களை நிறுத்திவெச்சு, கைப்பிடி எவ்வளவு பலம், எவ்வளவு அழுத்தினா வலிக்கும், சத்தம் கேட்டதும் விரல் எவ்வளவு சீக்கிரம் அசையுதுன்னு அளந்தார்.

தாளாளர்: அடேங்கப்பா! விஞ்ஞானம்னா அது!

பேராசிரியர்: 1901-இல் அவர் மாணவர் விஸ்லரே அந்த அளவுகளை வகுப்பு மார்க்கோட வெச்சு ஒட்டுறவு கணக்குப் போட்டார். முழுசா ஒத்துப்போனா 1. சம்பந்தமே இல்லேன்னா 0. விரல் வேகத்துக்கும் மார்க்குக்கும் வந்தது மைனஸ் 0.02.

தாளாளர்: நம்ம பசங்க மார்க் மாதிரியே இருக்கே!

பேராசிரியர்: லத்தீன் மார்க்குக்கும் கிரேக்க மார்க்குக்கும் 0.75. உடற்பயிற்சி வகுப்பு மார்க்கூட மொத்தத் தரத்தோட 0.53 ஒத்துப்போச்சு.

தாளாளர்: அப்ப தண்டால் எடுக்கச் சொல்லியே சீட் கொடுத்துடலாம். செலவு மிச்சம்!

பேராசிரியர்: விரல் வேகம் பலிக்காததுக்கு ஒரு காரணம், அங்க சேர்ந்தவங்க எல்லாரும் ஏற்கெனவே நுழைவுத்தேர்வு தாண்டி வந்தவங்க. சலிச்ச மாவை மறுபடி சலிச்சா என்ன வித்தியாசம் தெரியும்? பின்னால வந்த தேர்வுகள் தேவலை. மார்க்கை ஓரளவு முன்கூட்டிச் சொல்லும். ஆனா பையன் வகுப்புக்கு வருவானா, ராத்திரி வேலைக்குப் போய்ட்டுக் காலையில தூங்குவானான்னு சொல்லாது.

தாளாளர்: அதெல்லாம் எதுக்கு? அரியர் விழுந்து பெத்தவங்க சண்டைக்கு வந்தா அறிக்கையை நீட்டிடலாம். “மூளை அப்படி, கல்லூரி என்னம்மா பண்ணும்?”

பேராசிரியர்: அந்த மூளைக்கு ஃபீஸ் வாங்கினோமே?

தாளாளர்: ஃபீஸை மூளை பார்த்தா வாங்கறோம்? இந்த மாதிரித் தேர்வே பாரிஸ்ல பினேன்னு பெரிய மேதை தொடங்கி வெச்சதாம் சார், புத்தகத்துல போட்டிருக்கு.

பேராசிரியர்: 1905-இல், சிமோனோட சேர்ந்து. எந்தப் பிள்ளைக்குக் கூடுதலா சொல்லிக் கொடுக்கணும்னு கண்டுபிடிக்க.

தாளாளர்: கூடுதலாவா? அதுக்கு வாத்தியார் போடணுமே!

பேராசிரியர்: போடணும்தான். கணக்குத் துறையில ரெண்டு இடம் போன வருஷத்துல இருந்து காலி.

தாளாளர்: அதுக்குத்தானே சார் இந்தத் தேர்வே! எவன் கணக்குல தேறமாட்டான்னு முதல் நாளே தெரிஞ்சுட்டா, அவனுக்கு எதுக்கு வாத்தியார்?

பேராசிரியர்: வாத்தியார் இல்லேன்னா அவன் நிச்சயம் தேறமாட்டானே ஐயா!

தாளாளர்: பார்த்தீங்களா, கணிப்பு நூத்துக்கு நூறு பலிக்குது! அந்த விஸ்லருக்கு இந்த யோசனை தோணலையே!