தொல்லைக்கு ஒரு பிளாக்செயின்

செல்போனில் கடன் விற்கிறவர்களின் தொல்லை தாங்கவில்லை என்று ஜனங்கள் கதறியபோது, நாட்டை ஆளுகிறவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. விற்கிறவனைப் பிடிப்பது, அவனுக்கு நம் எண்ணைக் கொடுத்தவனைப் பிடிப்பது என்பதெல்லாம் பட்டிக்காட்டுத்தனம். பிளாக்செயின் போடுவோம்!

விளையாட்டில்லை. 2018 ஜூலையில் டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், இதை விதிமுறையாகவே வெளியிட்டது. வியாபாரக் குறுஞ்செய்தி அனுப்பும் ஒவ்வொரு நிறுவனமும் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும். செய்தியின் தலையில் நிற்கும் ஹெடரைப் பதிய வேண்டும். அனுப்பப்போகும் வாசகத்தை டெம்ப்ளேட்டாகப் பதிய வேண்டும். வாங்குகிறவரின் சம்மதமும் பதிவாக வேண்டும். இத்தனையும் போன் கம்பெனிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் பிளாக்செயின் பேரேட்டில் இருக்கும். எழுதியதை யாரும் சத்தமில்லாமல் அழிக்க முடியாது. பேரேட்டோடு பொருந்தாத செய்தி வழியிலேயே கழித்துக்கட்டப்படும். துறைக்காரர்கள் இதை ஸ்கிரப்பிங் என்பார்கள். மொத்த ஏற்பாட்டுக்கும் செல்லப் பெயர் டிஎல்டி, அதாவது பகிர்ந்த பேரேட்டுத் தொழில்நுட்பம்.

இதற்கு அடித்தளமாக வந்தது ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற திறந்த மூல மென்பொருள். ஐபிஎம் கொடுத்த நிரல், லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலில் வளர்ந்தது. யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், ஒவ்வொரு வரியையும் படிக்கலாம், திருத்தலாம். ஃபேப்ரிக் மேல் எனக்குக் கோபமே இல்லை. ஒருவரையொருவர் நம்பாத நாலு பேர் ஒரே கணக்கை வைத்துக்கொள்ள உதவுகிற நேர்மையான நிரல் அது.

இங்கே யார் யாரை நம்பவில்லை?

மொய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய வீட்டிலும் எழுதியிருக்கும், கொடுத்த வீட்டிலும் எழுதியிருக்கும். ஐநூறை முந்நூறாக்கினால் அடுத்த விசேஷத்தில் பந்தலிலேயே மானம் போய்விடும். மொய் வைத்தவன் கையில் ஒரு நோட்டு இருப்பதால்தான் அந்தப் பயம். டிஎல்டி பேரேடோ, ஒரு செய்திக்கு இத்தனை பைசா என்று வாங்கிக்கொண்டு அனுப்புகிற கம்பெனிகளின் கையில் மட்டுமே இருக்கிறது. ஏர்டெல்லும் ஜியோவும் ஒருவரையொருவர் எவ்வளவு நம்புகிறார்கள் என்பது எனக்கு எதற்கு? அவர்கள் இருவரையும் நம்பாதவன் நான். என் எண், என் சம்மதம், என் தூக்கம். அந்தச் சங்கிலியில் எனக்கு ஒரு கண்ணிகூட இல்லை. ஒரு ஹெடர் யாருக்குச் சொந்தம் என்று ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். என் சம்மதத்தை எழுதியது யார், எந்தத் தேதியில், எந்தக் காகிதத்தைப் பார்த்து என்று கேட்டால் கதவு சாத்தியிருக்கிறது. நிரல் திறந்த மூலம், ஏடு மூடிய மூலம்.

சரி, மூடிய ஏடாவது வேலை செய்ததா? செய்தது. 2021 மார்ச் 8 அன்று ஸ்கிரப்பிங்கை முடுக்கிவிட்டார்கள். அன்று நாடு முழுவதும் ஓடிபி வராமல் நின்றது. வங்கிப் பரிமாற்றம், ரயில் டிக்கெட், கொரோனா தடுப்பூசிப் பதிவு, எல்லாம் ஆறு இலக்க எண்ணுக்காகத் தவம் கிடந்தன. மறுநாளே, ஒரு வாரத்துக்கு இதை நிறுத்திவையுங்கள் என்று ஆணையம் பின்வாங்கியது. அந்த மாதக் கடைசியில் ஒழுங்காகப் பதியாத 40 நிறுவனங்களின் பட்டியல் வந்தது. ஸ்டேட் பாங்க், எச்டிஎஃப்சி, ஐசிஐசிஐ என்று நாட்டின் பெரிய வங்கிகள் அதில் வரிசையாக நின்றன. விதி வந்து இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. நம்மிடம் தவணை ஒரு நாள் தவறினால் அபராதம் போடுகிற அதே வங்கிகள்தான்.

பெரிய வங்கிக்கு அவகாசம் கிடைக்கும். ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். நாளை மழை விடுமுறை என்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். முதலில் பள்ளி தன்னை நிறுவனமாகப் பதிய வேண்டும். ஹெடருக்கு ஒப்புதல், டெம்ப்ளேட்டுக்கு ஒப்புதல். மாறுகிற சொல்லுக்கு விடும் காலி இடம் ஒவ்வொன்றிலும் எழுத்துக்கு வரம்பு. தமிழில் அனுப்பினால் ஒரு செய்தியில் 160 எழுத்துக்குப் பதில் 70. புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனிக் கணக்கு. வாசகத்தில் ஒரு சொல் மாறினாலும் செய்தி செத்தது. ஒப்புதல் வருவதற்குள் மழை ஓய்ந்து வெயிலே வந்துவிடும்.

திருடனுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அவன் எவனோ ஒரு நிறுவனத்தின் ஹெடரையும் டெம்ப்ளேட்டையும் எடுத்துக்கொள்கிறான், காலி இடத்தில் தன் சரக்கைச் சொருகுகிறான், அனுப்புகிறான். நான் கட்டிய கதையில்லை. ஹெடர்களும் டெம்ப்ளேட்டுகளும் இப்படித் தவறாகப் பயன்படுகின்றன, எல்லாவற்றையும் மறுபடி சரிபாருங்கள் என்று 2023 பிப்ரவரியில் ஆணையமே உத்தரவு போட வேண்டியிருந்தது. மாற்ற முடியாத பேரேட்டின் மகிமை இதுதான்: உள்ளே நுழையும்போதே பொய்யாக இருந்தால், அது மாற்ற முடியாத பொய்.

இன்னும் சாமர்த்தியசாலிகள் பேரேட்டின் பக்கமே வருவதில்லை. சாதாரணப் பத்து இலக்க எண்ணில் சிம் கார்டு வாங்கி நேராகக் கூப்பிடுகிறார்கள். டெம்ப்ளேட் உண்டா, ஹெடர் உண்டா? மத்தியானம் கண்ணயரும் நேரத்தில் “சார், பர்சனல் லோன் வேணுமா?” என்கிற குரலுக்கு எந்த பிளாக்செயினும் வாய்ப்பூட்டு போடாது. 2024 ஆகஸ்டில் ஆணையம் விழித்துக்கொண்டு இப்படிப்பட்டவர்களின் இணைப்புகளைத் துண்டிக்கச் சொன்னது. சில வாரங்களிலேயே 2.75 லட்சம் இணைப்புகள் போயின. துண்டித்தது பழைய பாணிக் கத்தரிக்கோல். சங்கிலிக்கு அதில் பங்கில்லை. ஆறு வருஷம் முன்பே அந்தக் கத்தரிக்கோலை எடுத்திருந்தால் யார் கையைப் பிடித்திருப்பார்கள்?

இத்தனைக்கும் நடுவில் நம் சம்மதம் என்ன ஆயிற்று? 2018 விதியிலேயே அது இருந்தது. 2023 ஜூனில் டிஜிட்டல் முறையில் சம்மதம் வாங்குங்கள் என்று மறுபடி உத்தரவு. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கியோடு சேர்ந்து, சில வங்கிகளை மட்டும் வைத்து, முன்னோட்டம். ஏழு வருஷம் கழித்து முன்னோட்டம்! அதுவரை, எப்போதோ கணக்கு தொடங்கும்போது பொடி எழுத்துக்குக் கீழே போட்ட கையெழுத்தே ஆயுள் சம்மதம். விளம்பரமே வேண்டாம் என்று 1909 என்ற புகார் எண்ணுக்குச் சொன்னவனின் போனுக்கும் அந்தக் கையெழுத்தைக் காட்டியே கூப்பிடுகிறார்கள்.

2025 பிப்ரவரியில் விதிகளைக் கடுமையாக்கினார்களாம். முன்பு, பதிவு செய்யாமல் தொல்லை தருகிற ஒருவன் மேல் 7 நாளில் 10 புகார் வந்தால் நடவடிக்கை. இப்போது 10 நாளில் 5 வந்தால் போதும். உங்களையும் சேர்த்து நாலு பேர் புகார் கொடுத்திருந்தால், ஐந்தாவது ஆளின் வயிறு எரியும்வரை காத்திருங்கள். புகார்க் கணக்கைத் தவறாகக் காட்டும் போன் கம்பெனிக்கு முதல் முறை 2 லட்சம், அடுத்து 5 லட்சம், அதற்கு மேல் 10 லட்சம் அபராதம். நாட்டில் ஒரு நாளைக்குப் போகும் வியாபாரச் செய்திகள் 150 கோடிக்கு மேல். செய்திக்கு ஒரு பைசா வைத்துப் பெருக்கிப் பார்த்தாலே தெரியும், அந்த அபராதம் யாருக்குக் காலை டிபன் செலவு என்று.

இருந்தாலும் புகார் கொடுங்கள். தேதி, நேரம், அனுப்பியவன் எண், வந்த வாசகம் எல்லாம் சரியாக எழுதி 1909-க்கு அனுப்புங்கள். கொஞ்ச நாளில், உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது என்று ஒரு குறுஞ்செய்தி வரும். அதில் மட்டும் ஒரு குறையும் இருக்காது: பதிவு செய்த ஹெடர், ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட், இது சேவைச் செய்தி என்று காட்டும் ‘எஸ்’ எழுத்து, எல்லாம் கச்சிதம்.