குற்றவாளி: கடவுள்

யார்க்‌ஷயரில் சில்க்ஸ்டோன் என்றொரு கிராமம். 1838 ஜூலை 4. இடி, ஆலங்கட்டி மழை. ஹஸ்கர் சுரங்கத்தில் ஆட்களை மேலே தூக்கும் எஞ்சினின் நெருப்பு அணைந்தது. பிள்ளைகள் சிலர் சரிவுப் பாதை வழியே வெளியேறப் பார்த்தார்கள். கரையுடைத்த ஓடை அந்த வழியாகவே உள்ளே பாய்ந்தது. 26 பேர் செத்தார்கள். கடைக்குட்டிக்கு ஏழு வயது.

விசாரித்தார்கள். விபத்து என்றார்கள். தேவாலய வளாகத்தில் நினைவுச் சின்னமும் எழுப்பினார்கள். இடியையும் மழையையும் ஆண்டவர் அனுப்பினார் என்று அதில் பொறித்தார்கள். ஏழு வயதுப் பிள்ளையைக் குழிக்குள் அனுப்பியது யார் என்று பொறிக்க மட்டும் கல்லில் இடமில்லை. முதலாளியின் பெயருக்கு இருந்தது, மரியாதை அடைமொழியோடு.

1842இல், பிள்ளைகளின் சுரங்க வேலையை ஆராய்ந்த அரசு விசாரணைக் குழுவின் அறிக்கை படங்களோடு வந்தது. கனவான்கள் பதறிப்போனார்கள். பெண்கள் தவழ்ந்து கரிவண்டி இழுத்தது பெரிதாக உறுத்தவில்லை. சட்டை போடாமல் இழுத்தார்களாம்!

சுரங்கத்தில் காற்றோட்டக் கதவுகள் உண்டு. வண்டி வந்தால் திறக்க வேண்டும், போனதும் மூட வேண்டும். ஆள் வைத்தால் கூலி அதிகம். குழந்தையை வைத்தார்கள். லண்டன்டெரி பிரபு தாமே பெரிய சுரங்க முதலாளி. பிரபுக்கள் சபையில் முதலாளிகள் கட்சியை எடுத்துவைத்தார். கதவருகே பிள்ளைகள் குஷியாக இருக்கிறார்களாம். சாக்கட்டியால் படம் வரைகிறார்களாம், களிமண் பொம்மை செய்கிறார்களாம். அடேயப்பா, பாதாளத்தில் ஒரு பாலர் பள்ளி! தம் வீட்டுப் பிள்ளைகளை ஏனோ அங்கே சேர்க்கவில்லை.

அதே வேலை பார்த்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி குழுவிடம் வேறு கதை சொன்னாள். காலை நாலு மணிக்கு இறங்குவாள். ஏறி வர மாலை ஐந்தாகும். கையில் விளக்கில்லை, பயம். வெளிச்சம் கிடைத்தால் பாடுவாளாம். இருட்டில் பாடத் தைரியம் வராதாம். பிரபுவே, அந்த இருட்டில் எந்தப் படத்தை வரைவது?

13 வயதுக்குக் கீழ் யாரும் இறங்கக்கூடாது என்று மசோதா கொண்டுவந்தார் ஆஷ்லி பிரபு. பேரம் நடந்தது. 10 என்று படிந்தது. பெண்களுக்கு அடியோடு தடை; போன கூலிக்கு மாற்று வழி எதுவும் சொல்லவில்லை. கண்காணிக்க ஒரே ஓர் அதிகாரி.

இன்னொரு வேடிக்கை. இங்கிலாந்தில் அரசு பிறப்புப் பதிவு 1837இல்தான் தொடங்கியது. சட்டம் அமலுக்கு வந்த 1843இல் பத்து வயதான எவனுக்கும் அந்தச் சான்றிதழ் இருக்க வழியில்லை. வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் எட்டு வயதுக்காரனுக்கும் பத்து முடிந்துவிடும்.