நின்றால் மலிவு: வெனிஸ் நகரில் உட்காருவதன் பொருளியல் குறித்து

வெனிஸைக் குறைந்த செலவில் பார்ப்பது எப்படி என்று வழிகாட்டும் நூல்களெல்லாம் விலையைப் பொருளின் மீதே தேடுகின்றன. காபி எவ்வளவு, படகு எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு என்று பட்டியல் போட்டு, கடைசியில் ஊர் கொள்ளை விலை என்று கைவிரித்து, பையில் ரொட்டி கட்டிக்கொண்டு போகச் சொல்லி முடித்துவிடுகின்றன. இந்த ஆய்வின் கருதுகோள் வேறு. வெனிஸில் காபிக்கும் படகுக்கும் வாங்கப்படும் காசு பெரும்பாலும் காபிக்காகவும் படகுக்காகவும் வாங்கப்படுவதில்லை. அந்த நகரம் உண்மையில் விற்பது ஒரே ஒரு சரக்கு, அது உட்காருதல். வைணவ மரபு பெருமாளின் திருக்கோலங்களை நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என மூன்றாக வகுத்திருக்கிறது. சுற்றுலாப் பயணியின் கோலங்களும் இம்மூன்றே என்பதால் அந்தப் பாகுபாட்டையே இங்கும் கையாளலாம். மதுரைக் கூடலழகர் கோயிலில் மூன்று கோலங்களையும் அடுத்தடுத்த நிலைகளில் சேவித்துவிட முடிகிறது. வெனிஸில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம்.

முதல் சான்று வெனிஸின் பெருங்கால்வாயிலேயே மிதக்கிறது. நகராட்சி நிர்ணயித்த கட்டணப்படி கொண்டோலா என்னும் துடுப்புப் படகில் பகலில் அரைமணி நேரம் போய்வர 90 யூரோ. இரவு ஏழு மணிக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110 யூரோ. இதில் பயணி மெத்தையிட்ட இருக்கையில் சாய்ந்து அமர்கிறார். அதே கால்வாயில் சாந்தா சோஃபியா துறையிலிருந்து ரியால்டோ மீன் சந்தைப் பக்கம் ஆட்களை அக்கரை சேர்க்க த்ராகெட்டோ என்றொரு படகு ஓடுகிறது. அதுவும் கொண்டோலா சாதிதான். கொஞ்சம் அகலம் அதிகம். மெத்தையும் பித்தளை அலங்காரமும் கிடையாது. முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக இரண்டு பேர் துடுப்பு போடுகிறார்கள். கட்டணம் 2 யூரோ. தண்ணீர் அதே தண்ணீர், துடுப்புக்காரரோ ஒருவருக்கு இருவர். ஆனாலும் விலை நாற்பத்தைந்தில் ஒரு பங்கு. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம்: த்ராகெட்டோவில் ஊர்க்காரர்கள் சந்தைப் பையைக் கையில் பிடித்தபடி, ஆடும் படகில் ஆடாமல், நின்றுகொண்டே போகிறார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இன்னொன்றையும் கவனிக்கலாம். 2024 ஜூன் முதல் ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. ஒரு கண்டத்தின் பெரும்பகுதிக்குள் நுழைவதற்கும், அதன் ஒரு கால்வாயில் அரைமணி நேரம் உட்காருவதற்கும் ஒரே தொகை.

இங்கே கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர் எழுந்து நிற்பார். கொண்டோலாக் கட்டணம் படகுக்கு, தலைக்கு அல்ல. ஐந்து பேர் வரை ஏறலாம். தலைக்கு 18 யூரோ. நிமிடத்துக்கு 60 சென்ட். த்ராகெட்டோ அக்கரை போக இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகிறது என்பதால் நின்று போவதே விலை அதிகம் என்பார். கணக்கு சரிதான், மறுக்க வழியில்லை. ஆனால் கையில் காசில்லாதவனுக்கு வேண்டியது மீன் சந்தைப் பக்கம் போய்ச் சேருவது. நிமிடங்களை மொத்த விலைக்கு வாங்குவது அல்ல. கால்வாயின் குறுக்கே மொத்தம் நான்கே பாலங்கள்தான் என்னும்போது அந்த இரண்டு யூரோ மிச்சப்படுத்தும் நடையும் வரவில் சேர வேண்டும். தவிர, ஐந்து பேர் ஏறினால் மெத்தை இருவருக்குத்தான். மற்றவர்கள் ஓரத்தில் ஒண்டிக்கொள்கிறார்கள். அதை முழுமையான இருந்த கோலம் என்று ஒப்புக்கொள்ள இந்த ஆய்வு தயங்குகிறது.

இரண்டாம் சான்று காபி. இத்தாலியக் காபிக் கடைகளில் விலைப்பலகை பெரும்பாலும் இரண்டு நிரல்களில் இருக்கும்: கவுன்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் அமர்ந்தால் வேறு விலை. பொடி, பால், கோப்பை, சூடு எதிலும் மாற்றமில்லை. சான் மார்க்கோ சதுக்கத்தில் இந்தத் தத்துவம் அதன் முழு முதிர்ச்சியை எட்டுகிறது. 1720-இல் திறந்த ஃப்ளோரியன் காபிக்கடையும் எதிர்வரிசையில் உள்ள க்வாத்ரியும் வெளியே நாற்காலி போட்டு, சிறிய இசைக்குழுவையும் அமர்த்தியிருக்கின்றன. இசை நடக்கும்போது மேசையில் அமர்ந்திருப்பவரின் பில்லில் தலைக்கு இவ்வளவு என்று இசைக்கட்டணம் ஏறும். நாற்காலி வரிசைக்கு நான்கடி தள்ளி நிற்பவர் காதிலும் அதே வயலின்தான் விழுகிறது. அவரிடம் யாரும் ஒரு காசு கேட்பதில்லை. ஆகவே இசைக்கட்டணம் காதின் மீது விதிக்கப்படவில்லை என்பது தெளிவு. அது விதிக்கப்படும் உறுப்பு எது என்பதை வாசகரின் ஊகத்துக்கு விடலாம்.

உட்காரும் விலை என்று நீர் சொல்வதெல்லாம் மேசைக்குக் கொண்டுவந்து தரும் சிப்பந்தியின் கூலிதான் என்பது வலுவான பூர்வபட்சம். அதற்கு விடை உணவகப் பில்லிலேயே அச்சாகியிருக்கிறது. கொப்பெர்த்தோ என்ற பெயரில் ஒரு வரி வரும். அமர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் தலைக்கு இரண்டு, மூன்று யூரோ. மேசை விரிப்புக்கும் ரொட்டிக் கூடைக்கும் என்று சமாதானம் சொல்வார்கள்; ரொட்டியைத் தொடாவிட்டாலும் அது குறையாது. சில இடங்களில் அதற்குக் கீழே, மொத்தத் தொகையில் இத்தனை விழுக்காடு என்று சேவைக்கட்டணம் தனியாக வரும். சிப்பந்தியின் உழைப்பையும் இருக்கையையும் பில்லே இரண்டு வரிகளாகப் பிரித்துக் காட்டிவிட்ட பிறகு, அவை ஒன்றே என்று வாதாடுபவர் பில்லை வாசிக்காமல் பணம் கொடுக்கும் பாக்கியசாலியாகவே இருக்க வேண்டும். இதற்கு நேர்மாறானவை பாக்காரோக்கள். வெனிஸின் கையேந்தி பவன்கள் இவை. கண்ணாடிப் பெட்டிக்குள் சிக்கெத்தி என்னும் சிறு தீனிகள் வரிசையாக இருக்கும்: கருவாட்டு மீனை ஊறவைத்து, எண்ணெய் விட்டுக் குழைத்து வெண்ணெய்போல் ஆக்கி ஒரு துண்டு ரொட்டியில் தடவியது, வெங்காயமும் புளிக்காடியும் சேர்த்து ஊறிய மத்தி மீன். ஒன்று ஓரிரண்டு யூரோ, சில இடங்களில் கொஞ்சம் கூட. விரலால் காட்டிக் கேட்டு, நின்றபடியே தின்று, ஒரு சிறு கோப்பை ஒயினோடு கிளம்பிவிடலாம். ரியால்டோ சந்தைக்கு அருகே உள்ள தோ மோரியில், 1462 முதல் நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் கடை அது, கூரையிலிருந்து செம்புப் பாத்திரங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. நாற்காலிக்கு இடமே வைக்கவில்லை. இவ்வளவு நூற்றாண்டு நாற்காலி வாங்காமல் இருந்தவர்கள் மறதியால் அப்படி இருந்திருக்க முடியாது.

சிப்பந்தி வாதத்தை முற்றாக முறியடிக்கும் சான்று தரையில் கிடக்கிறது. சான் மார்க்கோ வட்டாரத்தில் தரையிலோ படிகளிலோ உட்கார்ந்து கடை விரித்துச் சாப்பிட்டால் 200 யூரோ வரை அபராதம் விதிக்க நகராட்சி விதி உண்டு. இங்கே சிப்பந்தி இல்லை, விரிப்பு இல்லை, வயலினும் இல்லை, கல் மட்டும்தான். 2019 ஜூலையில் ஜெர்மனியிலிருந்து முதுகுப்பையோடு வந்த இருவர் ரியால்டோ பாலத்தின் படியில் அமர்ந்து, கையடக்க அடுப்பில் சொந்தக் காபியைப் போட்டார்கள். மொத்தம் 950 யூரோ அபராதம் போட்டு ஊரைவிட்டே வெளியேற்றினார்கள். அடுப்பு மூட்டியதற்கும் அதில் பங்கு உண்டு என்பதை நேர்மை கருதிச் சொல்லியாக வேண்டும். ஆனால் காபிக்கடைக்காரர் கண்ணோட்டத்தில் பார்த்தால் அவர்கள் செய்த பெரும்பிழை, வெனிஸின் மிக விலையுயர்ந்த ஒரு கல்லில் டிக்கெட் வாங்காமல் அமர்ந்ததே.

கிடந்த கோலத்துக்கு வருவோம். 2024 ஏப்ரல் 25 முதல், கூட்டம் மிகும் குறிப்பிட்ட நாட்களில், வந்த அன்றே திரும்பிப் போகும் வெளியூரார் நகருக்குள் வர 5 யூரோ கட்ட வேண்டும் என்று விதி வந்தது. 2025-இல் கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10. காலை எட்டரை முதல் மாலை நான்கு வரைதான் இது செல்லும். நகராட்சி எல்லைக்குள் இரவு தங்குபவர்களுக்கு விலக்கு. அவர்கள் ஏற்கெனவே விடுதியில் தங்கும் வரி கட்டுகிறார்கள். பொருளியலில் இதன் பொருள் விசித்திரமானது: ஊரில் படுக்கிறவனுக்கு நுழைவுக்கட்டணம் இல்லை, நாளெல்லாம் நிற்கிறவனுக்கு உண்டு. கருதுகோளுக்கு இது ஆபத்து என்று தோன்றலாம். ஆனால் நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சியைச் சேர்ந்ததே. அங்கே மலிவான விடுதியில் படுத்தாலும் அந்த விலக்கு கிடைக்கும். ரயிலில் ஏறினால் பத்து நிமிடத்தில் வெனிஸின் சாந்தா லூச்சியா நிலையம். கிடந்த கோலத்தைச் சதுக்கத்திலிருந்து எவ்வளவு தொலைவில் வைத்துக்கொள்கிறோமோ அவ்வளவு மலிவு. இந்தத் தொலைவு விதிதான் அடுத்த மறுப்புக்கும் விடை.

ஊரில் இலவசமாக உட்கார இடமே இல்லையா என்பது அந்த மறுப்பு. இருக்கிறது, தாராளமாக. சான் ஜாக்கொமோ தெல்லோரியோ சதுக்கத்து மரநிழலில் பெஞ்சுகள் உண்டு. நெப்போலியன் ஆட்சியில் உருவான ஜார்தீனித் தோட்டத்திலும், கீழ்க்கோடியில் சாந்தெலேனாப் பூங்காவிலும் எத்தனை மணி நேரம் அமர்ந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். பொருளியலாளர் யோஹான் ஹைன்ரிஹ் ஃபான் த்யூனென் 1826-இல் வெளியிட்ட நூலில், சந்தையிலிருந்து விலகிப் போகப் போக நிலத்தின் வாரம் குறையும் என்று விளக்கினார். அவர் நிலத்தை மனதில் வைத்துச் சொன்னது பெஞ்சுக்கும் பொருந்துகிறது. சான் மார்க்கோவை மையமாக வைத்து வட்டங்கள் வரைந்தால், உள்வட்டத்தில் நாற்காலிக்குக் காசு, தரைக்கு அபராதம். அடுத்த வட்டத்தில் காசு கொஞ்சம் இறங்கும். கைக்குழந்தை வண்டிகளும் ஊர்ப் பாட்டிகளும் தென்படத் தொடங்கும் வட்டத்தில் உட்காருதல் இலவசமாகிவிடும். பாட்டி தென்பட்டால் பெஞ்சு இலவசம் என்பது களத்தில் பயன்படுத்தத்தக்க சுருக்க விதி. வபொரெட்டோ என்னும் நீர்ப்பேருந்து மட்டும் இந்த வட்டங்களுக்கு அடங்காது. 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, நின்றாலும் உட்கார்ந்தாலும் அதே. ஆனால் கோடைகாலத்தில் பெருங்கால்வாய் வழியே போகும் ஒன்றாம் தடத்தில் இருக்கை கிடைப்பது குலுக்கல் பரிசு மாதிரி. டிக்கெட் நிற்பதற்குத்தான், உட்காருதல் அதிர்ஷ்டத்தின் கொடை.

இது வெனிஸின் தனிக்குணமா என்றால் இல்லை; வெனிஸில் அது பச்சையாகத் தெரிகிறது, அவ்வளவே. வியன்னாவின் அரசு இசைநாடக அரங்கில், நாற்காலி விலையின் சிறு பங்குக்கு நிற்கும் இடங்கள் உண்டு. இடம் பிடித்தவர்கள் கம்பியில் கழுத்துத்துணியைக் கட்டி அடையாளம் வைத்துவிட்டு உலாவப் போவது பழைய வழக்கம். லண்டனில் 1997-இல் மறுபடி எழுந்த குளோப் அரங்கின் முற்றத்தில் நின்று பார்க்கும் டிக்கெட்டை வெகுகாலம் 5 பவுண்டுக்கே விற்றார்கள். நாடகம் நடக்கும்போது அங்கே தரையில் உட்காரக் கூடாது என்பதும் விதி.

இந்தக் கொள்கையில் ஒரு கொடுமை ஒளிந்திருக்கிறது, அதைக் கேலிக்குள் மறைத்துவிடக் கூடாது. சிக்கனப் பயணத்தின் உண்மையான மூலதனம் முழங்கால். இருபத்தைந்து வயதுக்காரருக்கு நாள் முழுக்க நிற்பது செலவே இல்லை. நானூறுக்கு மேற்பட்ட பாலங்களின் படிகளும் அவருக்கு வேடிக்கைதான். மூட்டுவலிக்காரருக்கோ ஒவ்வொரு அரைமணிக்கும் ஒரு நாற்காலி வாங்கியாக வேண்டியிருக்கிறது. குறைந்த செலவில் வெனிஸ் என்று எழுதுகிறவர்கள் நல்ல முழங்காலைச் செலவுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மறுபுறம், நகராட்சியைக் கல்நெஞ்சம் என்று திட்டுவதும் நியாயமல்ல. 1951-இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த பழைய நகரத்தில் இன்று ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. ஆண்டுக்கு வந்துபோகிறவர்களோ கோடிக்கணக்கில். பாலத்தின் படியில் ஒருவர் அமர்ந்தால் அடுத்தவர் கடக்கும் பாதையில் பாதி போய்விடுகிறது. நிற்கிறவன் எப்படியும் நகர்ந்துவிடுவான். உட்கார்ந்தவனை நகர்த்த ஏதாவது ஒரு கட்டணம் வேண்டும்.

இனி செய்ய வேண்டிய ஆய்வு நான்காம் கோலம் பற்றியது. பாக்காரோக்களின் கவுன்டரிலும், சான் த்ரோவாஸோவில் கொண்டோலா செப்பனிடும் பட்டறைக்கு எதிரே கையில் கோப்பையோடு கால்வாய்ச் சுவரிலும், மக்கள் முழுதாக நிற்பதுமில்லை, உட்காருவதுமில்லை. இடுப்பையோ முழங்கையையோ எங்காவது கொடுத்துச் சாய்ந்திருக்கிறார்கள். முழங்காலின் பாரத்தில் கணிசமான பகுதியைச் சுவர் ஏற்றுக்கொள்கிறது. பாலங்களில் நின்று தேங்க வேண்டாம் என்று நகராட்சி கேட்டுக்கொள்கிறது. சாய்வதற்கென்று தனிக் கட்டணமோ அபராதமோ கிடையாது. இந்த முடிவு நிலைத்திருக்க வேண்டுமானால் இக்கட்டுரையை யாரும் இத்தாலிய மொழியில் பெயர்த்துவிடாமல் பார்த்துக்கொள்வது நல்லது.