தோணி போட்ட நோட்டு

1996-இல் நான் சிங்கப்பூருக்குக் கிளம்பியபோது, அம்மா சீட்டுப் பணத்தை முந்தானையில் முடிந்து எடுத்துவந்து கொடுத்தாள். பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் தோணிரேவில் அன்று கைமாறிய நோட்டெல்லாம் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும். ஏரி உப்பும் இறால் கவிச்சியும் அதில் ஏறியிருக்கும். பழவேற்காட்டில் பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் ஏறி, பாரிமுனையில் பணம் மாற்றும் ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் ஒவ்வொரு நோட்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இரண்டைத் தள்ளி வைத்தார். "இது நைஞ்சு போச்சு தம்பி, வேணாம்." மீதிக்குக் கணக்குப் போட்டு சிங்கப்பூர் வெள்ளியாக எண்ணித் தந்தார். மாற்றிய தொகையை பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதி முத்திரை குத்தினார். ஒரு வெள்ளி அப்போது ஏறக்குறைய 25 ரூபாய். அந்த இரண்டு நோட்டுக்காக அப்பா எத்தனை இரவு வலை வீசினாரோ என்று ரயிலில் திரும்பும்போது நினைத்துக்கொண்டே வந்தேன்.

பணம் மாற்றுவது எங்கள் கரைக்குப் புதிதில்லை. 1613-இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கே நாணயச்சாலை வைத்து வராகனும் செப்புக் காசும் அடித்தார்கள். ஆனால் மொலுக்கஸ் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க அவர்களுக்குக் கைகொடுத்தது சோழமண்டலக் கரையின் துணி. கொண்டுவந்த தங்கமும் வெள்ளியும் இங்கே துணியாக மாறும். துணி அங்கே கிராம்பாக மாறும். நெசவாளியின் தறிதான் அன்று செலாவணி.

இதெல்லாம் எனக்குப் புரிந்தது சிங்கப்பூர் போன பிறகுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மலாய் மேஸ்திரி கட்டம் போட்ட கைலியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். "கைன் பெலிக்காட்" என்றார். பெலிக்காட், பழவேற்காடு! கடல் தாண்டி வந்தவனுக்கு முன்னாலேயே என் ஊர் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

சிராங்கூன் சாலையில் பணம் மாற்றும் கடைகளில் தமிழ் முஸ்லிம்கள் நிறைய பேர். பலகையில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும். எனக்குப் புரியாமல் நின்றபோது ஒரு பெரியவர் சொன்னார்: "வாங்குறது ஒரு விலை, விக்கிறது ஒரு விலை. நடுவுல இருக்கிறதுதான் தம்பி எங்க சோறு." அவர் எடுத்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். அதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை.

இப்போது என் மகன் அங்கே இருக்கிறான். 2023 பிப்ரவரி 21 அன்று நம் யூபிஐயை சிங்கப்பூரின் பேநவ் சேவையோடு இணைத்தார்கள். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் வரை போனிலேயே அனுப்பலாம் என்று வைத்தார்கள். அன்று நான் கடிதத்தில் வைத்து அனுப்பிய டிராஃப்ட் வந்து சேர அம்மா வாரக்கணக்கில் தபால்காரருக்குக் காத்திருந்தாள். போனவருடம் மகனைப் பார்க்கப் போனேன். ஒரு கடையில் கார்டைக் கொடுத்தபோது, இயந்திரம் ரூபாயா வெள்ளியா என்று கேட்டது. தெரிந்த பணமாயிற்றே என்று ரூபாயைத் தொட்டுவிட்டேன். மகன் ரசீதைப் பார்த்துவிட்டு, "வெள்ளியிலேயே கட்டணும்ப்பா. ரூபாய்னா அவங்க வச்சதுதான் விலை" என்றான். அந்தப் பெரியவர் சொன்ன நடுக்காசு இன்னும் இருக்கிறது; பலகைதான் இல்லை. எங்கள் ஊரிலிருந்து புதிதாகப் போகிற பிள்ளைகளுக்கு இதை நான் தவறாமல் சொல்லி அனுப்புகிறேன்.

அன்று என் முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அம்மா கையில் ஒரு இரண்டு வெள்ளி நோட்டைக் கொடுத்தேன். ஊதா நிறம். அதில் 'சிங்கப்பூர்' என்று தமிழில் இருக்கும். நடுவில் பாய் விரித்த படகு. அம்மா விரலால் அந்தப் படகைத் தடவிப் பார்த்தாள். "நம்ம தோணி மாதிரியே இருக்குடா. இதை மாத்தாதே." தானே முடைந்த பனையோலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

அம்மா இப்போது இல்லை. வெள்ளி 60 ரூபாயைத் தாண்டிவிட்டது. அந்த நோட்டு சிங்கப்பூரில் இன்றும் செல்லும் என்கிறான் மகன். அவன் ஊருக்கு வந்தபோது பெட்டியை அவனிடம் காட்டினேன், திறந்து பார்த்தான். பழைய ஓலையின் வாசனை வந்தது. அப்படியே மூடி அலமாரியில் வைத்துவிட்டான்.