மலைச்சரிவும் தங்கச் சுரங்கமும்

கேள்வி: ஏழை தேசத்துக்குப் பௌதிக ஆராய்ச்சி ஸ்தாபனம் ஆடம்பரமல்லவா?

பதில்: மலையும் சுரங்கமும் ஆடம்பரமானால், ஆம். ஹோமி பாபா 1945-இல் ஸ்தாபித்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப், பூமத்திய ரேகைக்கு ஏறத்தாழ 11 பாகை வடக்கேயுள்ள உதகமண்டலத்தில், அதே 11 பாகை சாய்ந்த மலைச்சரிவொன்றைத் தேடிப் பிடித்து, 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியைத் தென்வடலாக அதன்மேல் அமைத்து, அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகும்படி செய்தமையால், ஒரே அச்சில் திருப்பியே வானத்துப் பொருளைப் பல மணி நேரம் தொடர முடிகிறது. இதனினும் உத்தமமான சிக்கனத்தை நான் அறியேன். கோலாரிலோ, பொன்னுக்காகப் பிறர் வெட்டிய சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில், மற்றக் கதிர்களைப் பாறையே வடிகட்டிவிட, ஜப்பானிய, ஆங்கிலேய சகாக்களோடு நம்மவர் 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவின் சுவட்டைக் கண்டனர். குழி வெட்டிய கூலிகூட ஆராய்ச்சிக் கணக்கில் ஏறவில்லை.