கொள்முதல் துறைக்கு ஒரு சரக்கின் விண்ணப்பம்

பெறுநர்: கொள்முதல் துறைத் தலைவர் அவர்கள், ஒரகடம் வட்டாரத்தில் பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலை.

பொருள்: ரோபோ புரோகிராமர், எண்ணிக்கை 1, மறு ஆர்டர் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

இதை மனிதவளத் துறைக்குத்தான் எழுத வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அங்கே போய்ப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வருகிறேன். லீவு விஷயமாகப் போனபோது, கணினியில் என் பெயரைத் தேடிய அந்த அம்மா, "நீங்க எங்க லிஸ்ட்லயே இல்லையே சார், பர்ச்சேஸ்ல கேளுங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். வெல்டிங் ஷாப்பின் செலவுத் தாளை எட்டிப் பார்த்தேன். கான்டாக்ட் டிப், தோல் கையுறை, காட்டன் வேஸ்ட், அதற்குக் கீழே நான்.

வருத்தமில்லை, ஐயா. வரி கட்டி வாங்கப்படும் கௌரவம் எத்தனை இன்ஜினியருக்குக் கிடைக்கும்? ஆள் சப்ளைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ஏ.சி. மெஷினுக்கு 28 இருந்தது. 2025 செப்டம்பரில் அதையும் 18-க்கு இறக்கி எனக்குச் சமமாக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம் வேறொரு ஏற்பாட்டில் என்னைத் 'தொழில்முறை ஆலோசகர்' ஆக்கி, 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து, டாக்டர், வக்கீல் வரிசையில் உட்கார வைத்தீர்கள். அவ்வளவு பெரிய மனிதருக்கு பி.எஃப். எதற்கு என்று அதை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

நான் பழக்கும் ரோபோக்களின் நிலைமை வேறு. வந்து இறங்கிய அன்றே ஒவ்வொன்றின் இடுப்பிலும் சொத்து எண் ஒட்டினீர்கள். வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதுகிறீர்கள். என் முதுகெலும்பிலும் தேய்மானம் இருப்பதாக டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று உங்கள் ஆடிட்டரைத்தான் கேட்க வேண்டும்.

2023-ல் மட்டும் இந்தியத் தொழிற்சாலைகளில் 8,510 ரோபோக்கள் நிறுவப்பட்டதாகவும், அது முந்தைய ஆண்டைவிட 59 சதவீதம் கூடுதல் என்றும் சர்வதேச ரோபாட்டிக்ஸ் கூட்டமைப்பு சொல்கிறது. அந்த ஆண்டு உலகத்தில் ஏழாவது இடமாம். பெருமைதான். ஆனால் அவை தாமாக லாரியிலிருந்து இறங்கி, தாமே போல்ட் மாட்டிக்கொண்டு, தாமே பற்றவைக்கக் கற்றுக்கொண்டதாக எனக்குத் தகவல் இல்லை.

கற்றுக்கொடுப்பதை நீங்கள் பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். ரோபோவைச் சுற்றியுள்ள வேலிக்குள்ளே போய், வெல்டிங் டார்ச் நுனிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியாக அரை மில்லிமீட்டர் இப்படி, அரை மில்லிமீட்டர் அப்படி என்று நகர்த்த வேண்டும். கையில் இருக்கும் டீச் பென்டன்ட்டின் முதுகில் ஒரு சுவிட்ச் உண்டு. பாதி அழுத்தினால்தான் ரோபோ நகரும். விட்டாலும் நிற்கும், இறுக்கி அழுத்தினாலும் நிற்கும். பயந்தால் சிலர் கையை விடுவார்கள், சிலர் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள், இரண்டையும் யோசித்திருக்கிறார்கள். வேலிக்குள் ஆள் இருக்கும்போது விநாடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் அது ஓடக் கூடாது. மனிதனின் பயத்தை இவ்வளவு நுணுக்கமாகப் படித்தவர்களிடம் நம் ஒப்பந்தப் படிவத்தையும் ஒருமுறை கொடுத்துப் பார்த்திருக்கலாம்.

பொங்கல் கதை உங்கள் காதுக்கு வந்ததா என்று தெரியவில்லை. ரோபோவின் அடிப்பாகத்தில், டார்ச்லைட்டுக்குப் போடுகிற மாதிரியே நான்கு பேட்டரிகள் இருக்கும். மின்சாரம் நின்றிருக்கும்போது தன் கை எங்கே இருக்கிறது என்பதை ரோபோ மறக்காமல் இருப்பது அவற்றால்தான். வருஷத்துக்கு ஒருமுறை, மெஷின் ஆனில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். நான் கார்த்திகையிலேயே இன்டென்ட் போட்டேன். மூன்று கொட்டேஷன் கேட்டீர்கள். கொட்டேஷன் வருவதற்குள் என் பர்ச்சேஸ் ஆர்டர் (பி.ஓ.) முடிந்துவிட்டது. பொங்கலுக்கு ஆலையை மூடி மெயின் சுவிட்சை இறக்கினார்கள். லீவு முடிந்து திறந்த அன்று, முதல் வரிசை ரோபோக்கள் அத்தனையும் தம்மை மறந்து நின்றன.

மெயின்டனன்ஸிலிருந்து போன் வந்ததும் ஓடி வந்தேன். கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் நிறுத்திவிட்டார். "தம்பி, நீ யாருன்னு எனக்குத் தெரியும்ப்பா. சிஸ்டத்துக்குத் தெரியலையே." உங்கள் அப்ரூவல் ஒவ்வொரு மேஜையாக ஏறி இறங்கும்வரை எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே லைன் நின்றிருந்தது. பிறகு ஒவ்வொரு அச்சையும் பூஜ்ஜியக் கோட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு வெல்டிங் புள்ளியையும் சரிபார்த்து முடிக்க விடிந்துவிட்டது. ரிப்போர்ட்டில் காரணம் என்ற கட்டத்தில் 'மனிதத் தவறு' என்று டைப் அடித்திருந்தார்கள். எந்த மனிதர் என்று போடவில்லை. பெருந்தன்மை.

சட்டம் பேசி உங்கள் நேரத்தை வீணடிக்க மாட்டேன். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-ல் வந்தது. ஒரு வேலையில் ஒப்பந்த முறையைத் தடை செய்தாலும் அதில் இருந்தவர்கள் தானாக நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, மையப் பணியில் ஒப்பந்த ஆட்கள் கூடாது என்கிறது, விதிவிலக்குகளோடு. கதவை வெல்டிங் செய்வது மையப் பணி. வெல்டிங் செய்கிற கையைப் பழக்குவது எந்த ஓரம் என்பதை உங்கள் வக்கீல் கண்டுபிடித்துவிடுவார், கெட்டிக்காரர்.

எனக்குப் பதிலாக வரப்போகும், மிகக் குறைந்த விலை கேட்ட 'எல்-1' பையனைப் பார்த்தேன். ரோபாட்டிக்ஸ் அண்ட் ஆட்டோமேஷன் பி.இ.; கல்லூரி போஸ்டரில் 'எதிர்காலம் இங்கே' என்று போட்டிருந்தார்களாம். என்னைவிடக் குறைந்த ரேட்டுக்கு வருகிறான். நானும் எனக்கு முன்னால் இருந்தவரைவிடக் குறைத்துத்தான் வந்தேன். "அண்ணே, இங்க பர்மனென்ட் ஆக்குவாங்களா?" என்றான். "எதை, ரோபோவையா?" என்றேன். சிரிக்கவில்லை. இன்னும் புதுசு.

அவனிடம் ஒன்று சொல்ல வேண்டும், ஆனால் ஒப்படைப்பு நாள் என்று பி.ஓ.வில் ஒரு வரியும் இல்லை. மூன்றாவது ரோபோவின் புரோகிராமில் ஓர் இடத்தில் 0.3 விநாடி காத்திருப்பு இருக்கும். பார்த்தால் வீண் மாதிரி தெரியும். சைக்கிள் டைம் குறைத்துக் காட்ட வேண்டும் என்று எவனும் முதலில் அதில்தான் கை வைப்பான். கம்ப்ரஸர் பெயின்ட் ஷாப்புக்கும் பொது. காலை ஷிஃப்டில் அவர்கள் காற்றை இழுக்கும்போது நம் கிளாம்ப் மூடத் தாமதமாகும். அந்த 0.3 இல்லாவிட்டால் பாதி மூடிய கிளாம்பில் டார்ச் போய் மோதும். பேக்கப் எடுத்து வைத்திருக்கிறீர்கள், உண்மை. அதில் 0.3 இருக்கிறது, பெயின்ட் ஷாப் இல்லை.

ஆகவே என் கோரிக்கை சின்னது. நிரந்தரம் கேட்கவில்லை. நுகர்பொருள் தலைப்பிலிருந்து எடுத்து உதிரிபாகம் தலைப்பில் போடுங்கள். முக்கிய உதிரிபாகம் என்றால் கையிருப்பில் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும் என்று உங்கள் ஸ்டோர்ஸ் விதியே சொல்கிறது.

இந்த மாதக் கடைசியில் என் பி.ஓ. முடிகிறது. இரண்டாவது வரிசை ரோபோக்களுக்கு பேட்டரி மாற்ற வேண்டிய மாதமும் இதுதான். மூன்று கொட்டேஷன் கேட்பீர்கள் என்பதால் மூன்றையும் நானே வாங்கி இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வெண்டரின் ஆள்